ஓலையில் ஏறிய ஹவில்தார்

கொல்லன்விளை முத்துநாயகம் டீக்கனார் யாரிடமும் எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டவர் அல்ல. கேட்பது மற்றவர்கள் வேலை, அவர் அறிவிப்பவர். இன்றைக்கு மழை உண்டு என்று காலையில் அறிவிப்பார். பெய்யாவிட்டால் அது மழையின் குற்றம். ஊரில் கிறிஸ்தவ சபை தொடங்கிய நாள்முதல் அந்தக் குடும்பத்தில் ஒருவர், சபைக் காரியம் பார்க்கும் டீக்கனாக இருந்து வந்திருக்கிறார். ஆலயத்தில் ஆண்கள் பக்கம் முதல் பெஞ்சின் ஓரம் அவருடையது. அதில் உட்காரும்போது அவர் முதுகு சாய்மானத்தில் பட்டதை யாரும் பார்த்ததில்லை. சாய்மானம் காய்ச்சல்காரர்களுக்காகப் போட்டது என்பது அவர் கருத்து.

ஆகவே 1931ஆம் வருஷம் ஈஸ்டர் கழிந்த கையோடு மகள் நேசபாய்க்கு ஆரல்வாய்மொழிப் பக்கத்தில் சம்பந்தம் பேசி முடித்தபோது, மாப்பிள்ளை செல்வதாஸ் பட்டாளத்தில் என்னவாக இருக்கிறான் என்று அவர் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் தகப்பனார் ஜேசுதாஸ், “பெங்களூர்ல பயனியர் பட்டாளத்துல நல்ல பேரோட இருக்கான்” என்று சொல்லி ஒரு போட்டோவைக் கொடுத்துவிட்டுப் போனார். டீக்கனாருக்கு அந்தப் போட்டோ போதும்.

சுண்ணாம்புத் தூண் ஒன்று. பின்னால் திரையில் எழுதிய பூந்தோட்டம். நடுவே காக்கி உடுப்பில் நெடுநெடுவென்று ஒரு வாலிபன், இடது கையை நாற்காலி முதுகில் வைத்தபடி நின்றான். அந்தக் கையில் மூன்று பட்டைகள் பளிச்சென்று தெரிந்தன. திருவனந்தபுரத்தில் ஒருமுறை ராணுவ அணிவகுப்பை நேரில் பார்த்தவர் முத்துநாயகம். மூன்று பட்டை என்றால் ஹவில்தார். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

சந்தேகப்பட்டது அவர் மனைவி ராகேல்தான். “பட்டை கைநுனியிலலா கெடக்கு? போலீஸ்காரனுக்கு மேல, தோளுக்குக் கிட்ட இருக்குமே.”

“போலீசு வேற, பட்டாளம் வேற. ஹவில்தாருன்னா கைய நீட்டி உத்தரவு போடணும். நீட்டின கையில பட்டை தெரியாண்டாமா?”

ராகேல் தன் கையை நீட்டிப் பார்த்தாள். அவளுக்கும் அது சரியென்றே பட்டது.

இதோடு நின்றிருந்தால் வீட்டுக்குள்ளேயே முடிந்துபோயிருக்கும். நிற்கவிடாமல் செய்தது ஓலை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் மாப்பிள்ளை பெண் பெயர்களை வாசித்து, “தடை அறிந்தவர்கள் சொல்லலாம்” என்று கேட்பார். அதற்கு ஓலை வாசிப்பு என்று பெயர். முன்பெல்லாம் பெயர், தகப்பன் பெயர், ஊர், அவ்வளவுதான். போன வருஷம் இன்னொரு டீக்கனாரான ஞானசிங் தன் மகள் ஓலையில், “தாலுகா கச்சேரிக் குமாஸ்தா” என்று மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் எழுதிக் கொடுத்துவிட்டார். போதகரும் வாசித்துவிட்டார். அன்றுமுதல் கொல்லன்விளை சபையில் வெறும் மாப்பிள்ளைகள் இல்லாமல் போனார்கள். ஒருவர் தலைமை வாத்தியார், ஒருவர் ரப்பர் தோட்ட மேலாளர், ஒருவர் மரக்கடை முதலாளி. உத்தியோகம் இல்லாத மாப்பிள்ளைக்குப் பெண்வீட்டார் ஒன்று கண்டுபிடித்துக் கொடுத்தார்கள்.

இந்த நிலையில் முத்துநாயகம் மட்டும் சும்மா பெயரைக் கொடுப்பாரா?

“ஜேசுதாஸ் மகன் ஹவில்தார் செல்வதாஸ்” என்று போதகர் முதல் ஞாயிறு வாசித்தபோது ஆலயமே திரும்பி முதல் பெஞ்சைப் பார்த்தது. முத்துநாயகம் திரும்பவில்லை. அவர் கழுத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது. மாப்பிள்ளையின் சொந்த சபையில் வெறும் பெயரைத்தான் வாசித்தார்கள் என்பது இங்கே யாருக்கும் தெரியாது.

ஆராதனை முடிந்ததும் ஞானசிங் வேட்டியைச் சரிசெய்துகொண்டே வந்தார். “ஹவில்தாருன்னா என்ன வே, பெரிய சோலியா?”

“ஒரு உத்தரவு போட்டார்னா நூறு ஆளு திரும்பும்.”

“எந்தப் பக்கம்?”

“அவரு சொன்ன பக்கம்.”

“குதிரை உண்டுமா?”

முத்துநாயகத்துக்குக் குதிரையைப் பற்றித் தெரியாது. தெரியாது என்று சொல்லியும் பழக்கமில்லை. “குதிரை இல்லாத பட்டாளம் உண்டுமா வே?” என்றார். இரண்டாம் ஞாயிறு ஓலை வாசிப்பதற்குள் செல்வதாசுக்கு ஒரு வெள்ளைக் குதிரையும், இடுப்பில் ஒரு வாளும் வந்து சேர்ந்திருந்தன. கல்யாண வீட்டில் குதிரையை எந்தத் தென்னையில் கட்டுவது, அது கொள்ளு தின்னுமா புண்ணாக்கு தின்னுமா என்று பக்கத்து வீட்டார் ராகேலிடம் வந்து விசாரித்தார்கள்.

இரண்டாம் ஓலையும் வாசித்து முடிந்த வாரத்தில்தான் செல்வதாஸ் விடுப்பில் ஊர் வந்தான். வடசேரிச் சந்தையில் வாழைக்குலை பார்த்துக்கொண்டிருந்தவனை முன்பின் தெரியாத ஒருவர் பிடித்து, “ஹவில்தாரே, குதிரைய எங்க விட்டிருக்கேரு?” என்று கேட்டார். செல்வதாஸ் வாழைக்குலையை வைத்துவிட்டு, அண்ணனின் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே கொல்லன்விளைக்கு வந்தான்.

வந்தவனால் வீட்டுக்குள் நுழைய முடியவில்லை. கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை பெண்வீட்டு வாசற்படி மிதிப்பது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. முத்துநாயகம் அதை மதிலடியிலேயே அறிவித்துவிட்டார். ஆகவே மாமனார் மதிலுக்கு உள்ளே, மருமகன் மதிலுக்கு வெளியே. நடுவில் காட்டுக்கல் அடுக்கிய மதில், நெஞ்சு உயரம்.

“மாமா, என்னை ஹவில்தாருன்னு ஓலையில வாசிச்சாங்களாமே?”

“ஆமா. ரெண்டு தடவை. தெளிவா வாசிச்சாரு.”

“நான் ஹவில்தார் இல்ல மாமா. சிப்பாயி.”

முத்துநாயகம் சட்டைப்பையிலிருந்து போட்டோவை எடுத்து மதில்மேல் வைத்தார். வைத்த விதத்தில், ஆளைவிடப் போட்டோவை நம்புவதாகத் தெரிந்தது. “பின்ன இந்த மூணு பட்டை?”

“அது நன்னடத்தைப் பட்டை மாமா. பாருங்க, கைநுனியில இருக்கு, கூம்பு மேல பாத்து நிக்கி. பதவிப் பட்டைன்னா முழங்கைக்கு மேல இருக்கும், கூம்பு கீழ பாக்கும். இது இத்தனை வருசமா ஒரு பிராது இல்லாம இருந்ததுக்குத் தந்தது.”

“சிப்பாயிக்கும் ஹவில்தாருக்கும் எம்புட்டு தூரம்?”

செல்வதாஸ் யோசித்தான். பேசும்போது கையைச் சும்மா வைக்க முடியாதவன். மதிலில் பிசகியிருந்த கல் ஒன்றை எடுத்துத் திருப்பி வைத்துக்கொண்டே சொன்னான். “நம்ம கல்யாணச் சாப்பாடு மாதிரின்னு வைங்க. சிப்பாயி வெறகு பிளப்பான், கெணத்துல வெள்ளம் கோருவான், எல போடுவான். அதுல ஒருத்தனக் கூப்பிட்டு, ‘ஏலே, இவனுவளக் கொஞ்சம் பாத்துக்கோ’ன்னா அவன் லான்ஸ் நாயக். ஒரு பந்திய முழுசா நடத்துகவன் நாயக். ரெண்டு மூணு பந்திக்கும் சேத்து நின்னு சத்தம் போடுகவரு ஹவில்தார். சாமான் வச்சிருக்க கலவறைச் சாவிய மடியில வச்சுக்கிட்டு, பப்படம் தீந்து போச்சுன்னு சொல்லுகவரு குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார். எல்லாரையும் ஏசுகவரு ஹவில்தார் மேஜர். ஜமேதாரும் சுபேதாரும் பந்தல்ல நாற்காலி போட்டு உக்காந்திருக்க பெரியவங்க.”

“நீரு?”

“நான் வெறகு பிளக்கவன் மாமா.”

முத்துநாயகம் குதிரை கட்டுவதாக இருந்த தென்னையைப் பார்த்தார். “வாளு?”

“மண்வெட்டியும் பிக்காசும் தந்திருக்காங்க. எங்க பட்டாளம் ரோடு போடும், பாலம் கட்டும், மலைச்சரிவுல மதில் எழுப்பும்.” இன்னொரு கல்லைத் திருப்பினான். “துப்பாக்கியும் உண்டு,” என்று ஆறுதலாகச் சேர்த்துக்கொண்டான்.

“இத்தனை வருசத்துல ஒரு படி ஏறியிருக்கப்பிடாதா?”

“ஏத்துனாங்க மாமா. லான்ஸ் நாயக் ஆக்கி ஒரு பட்டை தந்தாங்க. எனக்குத்தான் சத்தம் போட வரல்ல. ‘அண்ணே, எல்லாரும் கொஞ்சம் எடப்பக்கம் திரும்புங்க’ன்னேன். பாதிப்பேரு திரும்புனாங்க. மீதிப்பேரு சிரிச்சாங்க. மழையில நிக்காங்களேன்னு எல்லாரையும் உள்ள போகச் சொல்லிட்டேன். அதோட நானே போயி, இது எனக்கு ஒத்துவராது சார், கல்லு அடுக்குக வேலையே போதும்னு பட்டையத் திருப்பிக் குடுத்துட்டேன்.”

கிடைத்த பட்டையைத் திருப்பிக் கொடுத்த மனிதனை முத்துநாயகம் முதல்முறையாகப் பார்த்தார். ஆனால் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை. அடுத்த வியாழக்கிழமை கல்யாணம்.

“அந்தப் பட்டையளப் பிரிச்சு மேல வச்சுத் தைச்சா என்ன?”

“தைச்சா என்னைப் பிடிச்சு உள்ள வச்சிருவாங்க மாமா. கல்யாணத்துக்கு எங்க நெசமான ஹவில்தாரே வாராரு.”

“அவரால ஒம்ம ஏத்திவிட முடியாதா? வியாழக்கிழமைக்குள்ள?”

செல்வதாஸ் சிரிக்காமல் இருந்தான். அந்த மரியாதையை முத்துநாயகம் கவனித்துக்கொண்டார்.

“அப்பம் செரி. போதகர்கிட்ட மெதுவாச் சொல்லி, மூணாம் ஓலையில ‘சிப்பாயி’ன்னு வாசிக்கச் சொல்லிருதேன். சத்தமில்லாம முடிஞ்சிரும்.”

செல்வதாசின் கை கல்லில் அப்படியே நின்றது. “அது மட்டும் வேண்டாம் மாமா. ரெண்டு வாரம் ஹவில்தாரு, மூணாவது வாரம் சிப்பாயின்னா ஊரு என்ன சொல்லும்? பட்டையப் பிடுங்கிட்டாங்கன்னு சொல்லும். பட்டாளத்துல பட்டையப் பிடுங்குகது களவாண்டவனுக்கும், குடிச்சுட்டு மேலாளை அடிச்சவனுக்கும். எனக்குன்னு இருக்கது இந்த நன்னடத்தை ஒண்ணுதான். அதுல கறை விழுந்திரும்.”

முத்துநாயகம் போட்டோவை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஊர் அதைத்தான் சொல்லும். ஞானசிங் அதை வடசேரி வரை கொண்டுபோய்ச் சொல்லுவார்.

“நீங்க ஒண்ணும் வெப்ராளப்படாதீங்க,” என்றான் செல்வதாஸ். “ஞாயிற்றுக்கிழமை நானே வாறேன். தடை உண்டான்னு கேக்கும்போ எந்திரிச்சு, நான் சிப்பாயின்னு சொல்லியிருதேன். எனக்குச் சத்தம் வராது. முயற்சி பண்ணிப் பாக்கேன்.”

“என் சபையில என் மருமகன் எந்திரிச்சு, அவன் ஓலைக்கு அவனே தடை சொல்லுகதா?” முத்துநாயகத்தின் குரலில் தென்னையிலிருந்த காக்கை பறந்தது. “நீரு வீட்டுக்குப் போவும். இது என் வீட்டு விஷயம். நான் பாத்துக்கிடுகேன்.”

சைக்கிள் போனபின் திரும்பினால், கிணற்றடியில் குடத்தோடு நேசபாய். குடம் எப்போதோ நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

“ஏம்ப்பா, என்னை ஹவில்தாருக்குக் குடுக்கீங்களா, இவருக்குக் குடுக்கீங்களா?”

“ரெண்டும் ஒரே ஆளுதானே பிள்ளே.”

“இல்லப்பா. ஹவில்தாருன்னா சத்தம் போடுகவருன்னு இப்பதான் சொன்னாரு. இவருக்குச் சத்தம் வராதாம். எனக்கு இவரே போதும். சத்தத்துக்கு நம்ம வீட்டுல ஏற்கெனவே ஆளு உண்டு.”

யார் அந்த ஆள் என்று முத்துநாயகம் கேட்கவில்லை. கேட்கும் வழக்கம் இல்லை என்று முன்பே சொன்னோம்.

சனிக்கிழமை அவர் போதகர் வீட்டுக்குப் புறப்பட்டார்; பாதி வழியில் திரும்பினார். மறுபடி புறப்பட்டார், அந்தத் தடவை போதகர் வீட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினார். ஹவில்தார் என்று மூன்றாம் முறையும் வாசிக்கவிட்டால் கர்த்தருடைய சன்னிதியில் பொய். மாற்றி வாசித்தால் ஒரு குற்றமும் செய்யாத பிள்ளை தலையில் பழி. எப்படி வாசித்தாலும் அவர் தலை ஒன்றுதான் நிமிர்ந்திருக்கும். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிறு ஆராதனையில் ஆலயம் நிறைந்திருந்தது. பாட்டு முடிந்தது. போதகர் தாளை விரித்தார்.

“கொல்லன்விளை முத்துநாயகம் டீக்கனார் மகள் நேசபாய்க்கும், ஜேசுதாஸ் மகன் ஹவில்தார் செல்வதாசுக்கும் திருமண ஓலை. இது மூன்றாம் முறை. தடை அறிந்தவர்கள் சொல்லலாம்.”

அந்தச் சபையில் யாரும் தடை சொன்னதாகச் சரித்திரம் இல்லை. ஆகவே போதகர் சொல்லும்போதே தாளை மடிக்கத் தொடங்குவார். பாதி மடித்த நேரத்தில் முதல் பெஞ்சின் ஓரத்தில் ஒரு உருவம் எழுந்தது.

“தடை உண்டு.”

பெண்கள் பக்கத்தில் ராகேலின் பாட்டுப்புத்தகம் கீழே விழுந்தது. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். அதே ஆள்தான் நின்றுகொண்டிருந்தார்.

“டீக்கனாரே, பொண்ணுக்குத் தகப்பன் நீங்க.”

“அதனாலதான் சொல்லுகேன்.”

அன்று அவர் குரல் நடுங்கியதாக ஞானசிங்கின் ஆட்கள் சொல்லித் திரிந்தார்கள். நடுங்கவில்லை. ஓட்டுக்கூரையின் எதிரொலி அப்படி.

“என் மருமகன் ஹவில்தார் இல்ல. சிப்பாயி. அவரும் சொல்லல்ல, அவரு தகப்பனாரும் சொல்லல்ல. நான் போட்டோவப் பாத்து நானா நெனச்சு எழுதிக் குடுத்தேன். யார்கிட்டயும் கேக்கல்ல.” இந்தக் கடைசி வார்த்தையை அவர் வாயால் யாரும் அதுவரை கேட்டதில்லை. “அவரு பட்டைய யாரும் பிடுங்கல்ல. கையில இருக்க மூணும் நன்னடத்தைக்குத் தந்தது. குதிரை கெடையாது. மண்வெட்டிதான். தப்பு அவருமேல இல்ல, எம்மேல.”

சொல்லி முடித்தும் அவர் உட்காரவில்லை. நின்றபடியே இருந்தார்.

அப்போது ஞானசிங் எழுந்தார். முகத்தில் ஒரு மலர்ச்சி. “போதகர் ஐயா, ஓலையில பொய் இருந்தா ஓலை செல்லாது. மூணையும் முதல்லேருந்து வாசிக்கணும்.”

முதலிலிருந்து வாசித்தால் மாப்பிள்ளையின் விடுப்பு முடிந்துவிடும். கல்யாணம் அடுத்த விடுப்புக்கு, எந்த வருஷமோ. முத்துநாயகம் முதல்முறையாக, தன்னை அறியாமல், பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பெண்கள் பக்கத்திலிருந்து நேசபாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போதகர் மெதுவானவர். மெதுவாகவே கேட்டார். “பேரு சரி, தகப்பன் பேரு சரி, ஊரு சரி. பட்டம் மட்டும் தப்பு. பட்டம் தப்புன்னா ஓலை செல்லாதுங்கிறீங்க?”

“செல்லாது.”

“அப்போ போன வருஷத்துலேருந்து வாசிச்ச எல்லா ஓலையையும் எடுத்துப் பார்க்கணுமே. மாப்பிள்ளைமார் எல்லாரையும் கூப்பிட்டு, அவரவர் உத்தியோகத்தை விசாரிச்சுருவோமா? உங்க வீட்டு ஓலையிலேயே தொடங்குவோம்.”

ஆலயத்தில் கைவிசிறிகள் நின்றன. ரப்பர் தோட்ட மேலாளரின் மாமனார் குனிந்து செருப்பைத் தேடினார். செருப்பு வெளியே கிடந்தது. தலைமை வாத்தியாரின் மாமியாருக்கு இருமல் வந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரே ஒருவர்தான். தாலுகா கச்சேரியில் குமாஸ்தாக்களின் மைக்கூட்டை நிரப்பி வைப்பது யாருடைய வேலை என்று ஒரு சிலருக்குத்தான் தெரியும். ஞானசிங்குக்கு நன்றாகத் தெரியும்.

“அது... பேரு சரியா இருந்தாப் போதாதா ஐயா,” என்று சொல்லி அவர் உட்கார்ந்தார்.

போதகர் தாளை விரித்து, எழுதுகோலால் ஒரு சொல்லை அடித்து, புதிதாக வாசித்தார். “ஜேசுதாஸ் மகன் செல்வதாஸ்...” என்று அவர் பட்டமே இல்லாமல் மேலே போகும்போது, முத்துநாயகம் நின்ற இடத்திலிருந்தே சொன்னார். “சிப்பாயி செல்வதாசுன்னு வாசியுங்க.”

போதகர் அப்படியே வாசித்தார். தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்றார். இந்தத் தடவை தாளை மடிக்காமல் காத்திருந்தார். முதல் பெஞ்சையே பார்த்துக்கொண்டு நெடுநேரம் காத்திருந்தார். முத்துநாயகம் உட்கார்ந்தார்.

மறுநாள் காலையில் முட்டத்திலிருந்து மீன்காரி லீமா வந்தாள். அவள் வேற்றுச் சபைக்காரி. ஆலயத்தில் நடந்ததை வழியில் நாலு வீட்டில் கேட்டு, ஐந்தாம் வீட்டில் சேர்த்துவைத்துக்கொண்டு வந்திருந்தாள். முத்துநாயகம் வாசலில் நின்று பந்தல்காரருக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தார்.

“நாடாரே, மருமவனுக்கு ஏத்தமாமே! கேட்டதும் எனக்கு எம்புட்டு சந்தோசம்! ஹவில்தாரா இருந்தவரச் சிப்பாயி ஆக்கிட்டாங்களாமே! நீரு கோயில்லயே எந்திரிச்சு நின்னு எல்லாருக்கும் அறிவிச்சீராமே!”

முத்துநாயகம் சுற்றும் பார்த்தார். பந்தல்காரர் தூரத்தில் கமுகு நடக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். ராகேல் அடுக்களையில். போதகர் இல்லை, ஞானசிங் இல்லை, மருமகன் இல்லை. லீமா இங்கிருந்து எட்டு ஊர் போவாள். எட்டு ஊரிலும் சிப்பாய் ஹவில்தாருக்கு மேலே என்று நிலைபெற்றுவிடும். அவர் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம். சும்மா நின்றால் போதும். சபைக்கு முன்னால் எழுந்து நின்றதைவிட இது கடினமாக இருந்தது.

“இல்ல லீமா,” என்றார் கடைசியில். “ஹவில்தாருதான் பெரிசு. சிப்பாயிதான் ஆக அடியில.”

லீமா கூடையைத் தலையில் வைத்தபடியே அவரை மேலும் கீழும் பார்த்தாள். “ஆக அடியிலயா? பின்ன நீரு எதுக்கு வே இப்பிடி நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கேரு?”

முத்துநாயகம் குனிந்து தன்னையே ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“அது என் முதுகு வளந்த வாக்கு,” என்றார். “கூடைய எறக்கு. அயிலை உண்டுமா?”